பின்னறையில் ஒரு ஜெட் இன்ஜின்

ஒசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் நாங்கள் வசித்தோம். மற்றதில் என் கணவரின் ஜெட் இன்ஜின் வசித்தது. வசதியான அறை எது என்று கேட்டால், இன்ஜினுடையதுதான். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். பகல் முழுவதும் கண்ணை உறுத்தாத வெளிச்சம். படிப்பதற்கென்றே யாரோ யோசித்துக் கட்டியதுபோன்ற அந்த அறையின் நடுவில், எண்ணெய் சொட்டிக்கொண்டு ஓர் இரும்புப் பிண்டம் மேசைமேல் கொலுவிருந்தது. என் புத்தகங்கள் அரிசிச் சாக்குகளில் கட்டப்பட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தன. வேண்டிய நூலை எடுக்க நான் தரையில் படுத்துத் தவழ்ந்து போவேன். இலக்கியத்தின் முன் அவ்வளவு பணிவாக நடந்துகொண்டவர்கள் அந்த ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஜெட் இன்ஜின் என்றதும் விமானத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். லாரி இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதற்கு டர்போ என்று ஒரு பாகம் உண்டு. நத்தைக்கூடு போன்ற இரண்டு ஓடுகள். அவற்றை இணைக்கும் ஒரு தண்டு. தண்டின் இரு முனைகளிலும் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு சக்கரங்கள். ஒரு சக்கரம் சூடான புகையால் சுழலும். அந்தச் சுழற்சியில் மற்றது காற்றை இழுத்து அழுத்தும். இரண்டு ஓடுகளுக்கும் நடுவே ஒரு குழாயைப் பொருத்தி, அதற்குள் சமையல் வாயுவைக் கொளுத்தினால், நெருப்பு ஒரு சக்கரத்தைச் சுழற்றும், அது மற்றதைச் சுழற்றும், அது நெருப்புக்கு மேலும் காற்று கொண்டுவரும். இப்படித் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும் நிலை வந்துவிட்டால் அது ஜெட் இன்ஜின். தத்துவம் இவ்வளவுதான். இதை நடைமுறைப்படுத்த எங்களுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. "எங்களுக்கு" என்று நான் சொல்வது குடும்ப மரியாதைக்காக. வீட்டின் இரண்டாவது சிலிண்டர் விஞ்ஞானத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால், முதல் சிலிண்டர் தீர்ந்த நாள்களில் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்ததே என் பங்களிப்பு.

என் கணவர் தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். டிப்ளமோ படித்தவர். பிறர் செய்ததை நாள் முழுவதும் அளந்துபார்த்து, சரியானதற்குப் பச்சை ஸ்டிக்கரும் தவறானதற்குச் சிவப்பு அட்டையும் போடுவது அவர் வேலை. அவர் கையால் எதுவும் செய்ததில்லை. செய்யும் பிரிவுக்கு மாற்றல் கேட்ட விண்ணப்பங்கள் பட்டம் படித்த பொறியாளர்களின் மேசையில் உறங்கின. பதினொரு ஆண்டுகள் பிறருடைய பிழைகளைத் தடவிப் பார்த்த கைக்கு ஒரு நாளாவது தன்னுடைய பிழை ஒன்று வேண்டுமென்று தோன்றியிருக்கலாம். அதை அவர் சொன்னதில்லை, நானாக ஊகித்தேன். அவர் சொன்னது, "சும்மா ஒரு ட்ரை" என்பது மட்டும்.

பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த காலம் அது. வெளிநாட்டில் யாரோ சிலர் வீட்டுக் கொட்டகையில் டர்போவைக் கொண்டு ஜெட் செய்கிறார்கள் என்பதை அப்படியொரு சென்டரில் கண்டுபிடித்து, பக்கம் பக்கமாக அச்செடுத்து வந்தார். ஆங்கிலம் புரியாமல் தடுக்கும் இடங்களில் என்னிடம் கேட்பார். இன்ஜினை முதலில் சுழற்றிவிட, அந்த ஊர்க்காரர்கள் இலைகளை ஊதித் தள்ளும் கருவி ஒன்றைப் பயன்படுத்துவதாகப் படித்துச் சொன்னேன்.

"எலையை ஊதறதுக்கு மிஷினா? வெளக்கமாறு இல்லையா அவங்க ஊர்ல?" என்றார்.

விளக்குமாறு உள்ள நாட்டில் ஜெட் செய்வது எவ்வளவு கடினம் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கொல்லர் பட்டறையில் உலைக்குக் காற்றடிக்கும் மின்சாரப் புளோயர் ஒன்று அந்த இடத்தை நிரப்பியது.

டர்போ கிடைத்தது குந்தாரப்பள்ளிச் சந்தையில். காய்கறி வாங்கலாம் என்று சொல்லி என்னையும் அழைத்துப் போனார். கூடவே அவருடைய நண்பரும் வந்தார். அதே தொழிற்சாலையில் வெல்டர், திருநெல்வேலிக்காரர், என் கணவருக்கு "அண்ணாச்சி" போட்டு, எனக்கு "மைனி" போட்டு, எங்கள் வீட்டில் நாளுக்கு மூன்று காபி குடிக்கும் உரிமை பெற்றவர். மாடுகளைத் தாண்டி, கயிறு மணி விற்பவர்களைத் தாண்டி, ஒரு தார்ப்பாய் விரிப்பில் கழற்றிய லாரிப் பாகங்கள் கிடந்தன. என் கணவர் ஒரு டர்போவை எடுத்து, உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, காதருகே வைத்துச் சுழற்றி, மோந்தும் பார்த்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"என்னா சார், பல்லப் புடிச்சிப் பாக்கற? மாட்டுச் சந்தை அந்தாண்ட."

"தண்டுல ஆட்டம் இருக்குதான்னு பாக்கறேன்."

"ஆடறதா இருந்தா நானே ஆட வெச்சி வித்திருப்பேனே," என்றார் அவர். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. திரும்பும்போது பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டார். காய்கறிப் பை கால்மாட்டில் நசுங்கியது.

முதல் இன்ஜினின் எரிகுழாய் என் தூக்குவாளியிலிருந்து உருவானது. எவர்சில்வர் வெப்பம் தாங்கும் என்று அச்செடுத்த தாள்களில் இருந்ததாம். எந்த எவர்சில்வர் என்று அந்தத் தாள்கள் சொல்லவில்லை. திருமணத்துக்கு வந்த வாளியில் அறுபது துளைகள் போட்டார். பற்றவைத்த மூன்றாம் நிமிடம் அது செக்கச்சிவந்து, அடிப்பாகம் மெல்லத் தொங்கி, வடை மாவுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சக்கரம் ஒரு சுற்றுக்கூடத் தானாகச் சுற்றவில்லை. இரண்டாம் இன்ஜினில் குழாய் உருகவில்லை. பதிலாக எண்ணெய் முழுவதும் நெருப்புக்குள் போய், தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை வந்தது. கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து எதிர்வீட்டார் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள்.

மாடியில் வீட்டுக்கார அம்மாள் இருந்தார். தளிப்பக்கம் பூத்தோட்டமும் நிலமும் உள்ளவர். கன்னடத்தில் கோபப்பட்டு, தமிழில் அதைப் பாதியாகக் குறைத்துச் சொல்பவர்.

"ஏன்ரீ டீச்சரம்மா, எங்க தளியில ஆனை வந்தாக்கூட இவ்ளோ சத்தம் போடாது ரீ. உங்க எஜமானருக்கு லீவு நாள்ல தூங்கற பழக்கம் இல்லையா?"

"இல்லைங்கம்மா. ஆராய்ச்சி பண்றார்."

"பண்ணட்டும். ஆஸ்பத்திரிப் பக்கமா போய்ப் பண்ணட்டும்."

ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு இன்ஜின் மேம்படுத்தப்பட்டது. மேம்பாடு என்ற சொல் தொழிற்பேட்டையில் அப்போது ஒரு மதம். சட்டைப் பையில் மாட்டும் அட்டையில்கூட அது அச்சிட்டிருக்கும். என் கணவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். எண்ணெய் ஓட்டத்துக்குப் பழைய காரின் பம்பு. தீப்பொறிக்கு மொபெட்டின் பிளக். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோட்டில் ஒரு வரி. வரிக்கு நேரே செய்தவர், சரிபார்த்தவர், சாட்சி என்று மூன்று கட்டங்கள். இரண்டு கட்டங்களில் அவரே கையெழுத்திடுவார். மூன்றாவதில் நான். ஒருமுறை உப்புமா கட்டிதட்டிப் போனபோது, தட்டின் ஓரத்தில் மஞ்சள் அட்டை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "நிறுத்திவை, முடிவு பின்னர்" என்று அதற்குப் பொருள். முடிவை நான் உடனே எடுத்தேன். அன்று அவர் வெளியில் சாப்பிட்டார்.

மூன்றாம் ஆண்டில் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். விஜயதசமிக்குள் இன்ஜின், புளோயரின் துணையில்லாமல், தானாக ஒரு நிமிடம் ஓட வேண்டும். ஓடினால் அந்த அறை இன்ஜினுக்கே. ஓடாவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்கு. அறை என் புத்தகங்களுக்கு. அவர் நெடுநேரம் யோசித்து, "அறுபது செகண்டா?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம்னா அறுபதுதாங்க."

"யாரு டைம் எடுக்கறது?"

"நான்."

இதற்குமேல் நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது என்று இருவரும் நம்பினோம். அதுவரை எங்கள் இன்ஜின்களில் எதுவும் தானாக ஓடிய அதிகபட்ச நேரம் எட்டு விநாடி.

மூன்றாம் இன்ஜின் முந்தைய இரண்டையும்போல இல்லை என்பதை நான்கூடக் கண்டுகொண்டேன். நண்பரின் வெல்டிங் தையல் போட்டதுபோல ஒழுங்காக ஓடியது. என் கணவர் நான்கு மாதம் துளைகளின் அளவை மட்டும் மாற்றி மாற்றிச் சோதித்தார். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் முழுவதையும் கழற்றி, துடைத்து, அளந்து, பூட்டி, காற்று நுழையும் வாய்க்கு மேலே பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, அதன்மேல் தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். பச்சை ஒட்டியதை மறுபடி திறந்து பார்க்கும் வழக்கம் அவர்கள் தொழிலில் கிடையாது. பார்த்தால், ஒட்டியவரையே சந்தேகிப்பதாகும்.

ஆயுத பூஜையன்று அவர்களுக்குத் தொழிற்சாலையில் வேலை அதிகம். அதாவது வேலை செய்யாமல் இருப்பதற்கான வேலை. எந்திரங்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பட்டை பட்டையாகச் சந்தனம் பூசுவார்கள். அளவுக் கருவிகளுக்கு மட்டும் பொட்டு வைக்கக் கூடாது என்று என் கணவர் ஆண்டுதோறும் அங்கே காவல் நிற்பார். பெட்டிக்கு வைக்கலாம், கருவிக்குக் கூடாது. வீட்டுப் பூஜையை என்னிடம் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார்.

"இன்ஜினுக்கும் பொட்டு வச்சுடு. ஆனா அந்தச் சக்கரத்து நட்டை மட்டும் தொடாத. பாத்துப் பாத்து முடுக்கி வச்சிருக்கேன்."

நான் பொறுமையான பெண் என்று பெயரெடுத்தவள். சொன்னதைச் சொன்னபடி செய்பவள். அரிவாள்மனை, தையல் எந்திரம், மிக்சி, ஸ்கூட்டர், என் பேனாக்கள் என எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு இன்ஜினிடம் வந்தேன். வெளியே ஏழு இடங்களில் வைத்தேன். மூன்றாண்டு வெறுத்த ஒன்றுக்குக் கடைசியாகச் செய்யும் மரியாதை என்று நினைத்ததாலோ என்னவோ, மனம் கொஞ்சம் இளகியிருந்தது. சுழல்வது சக்கரம்தானே, அதற்கல்லவா முதலில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. மூடியிருந்த துணியை விலக்கி, வாய்க்குள் விரலை விட்டேன். நடுவில் நட்டு. அதைத் தொடவில்லை. அருகிலிருந்த இறக்கை ஒன்றின் அடியில், தாராளமாக, ஒரு பொட்டுச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி, கும்பிட்ட கருவிகளை எடுத்து மறுபடி தொழில் தொடங்கும் நாள். காலை ஒன்பது மணிக்குப் பின்கட்டுச் சிமென்டுத் தரையில் இன்ஜின் இறக்கப்பட்டது. வெளிப்புறப் பொட்டுகளை என் கணவர் பயபக்தியுடன் துடைத்தார். வாய்க்குள் பார்க்கவில்லை. பச்சை ஸ்டிக்கர் இருந்ததல்லவா? இரண்டு வாளித் தண்ணீர், ஈரச்சாக்கு, நீளக் குழாயின் அந்தக் கோடியில் சிலிண்டர். நண்பர் புளோயரின் மூக்கை இன்ஜினின் வாயில் பொருத்திப் பிடித்தார். நான் தொழிற்சாலையின் ஸ்டாப்வாட்சுடன் துவைக்கும் கல்லருகே நின்றேன். வீட்டுக்கார அம்மாள் மொட்டைமாடியின் விளிம்பில், இரண்டு காதுகளிலும் பஞ்சுடன், முதல் வரிசை இருக்கை எடுத்துக்கொண்டார்.

முதலில் புளோயரின் இரைச்சல். பிறகு உள்ளே "பொப்" என்று பற்றியது. ஊளையாகத் தொடங்கிய ஓசை ஏறி ஏறி, ஊசியாக மெலிந்து, பல் கூசும் இடத்தை எட்டியது. என் கணவர் கையசைத்தார். நண்பர் புளோயரை விலக்கினார். ஓசை இறங்கவில்லை. தன் மூச்சைத் தானே இழுத்துக்கொண்டு அது நின்றது. நான் பொத்தானை அழுத்தினேன்.

பத்து. இருபது. என் கணவர் வாயைத் திறந்தபடி சிரிக்காமல் நின்றார். முப்பது. நாற்பது. அடுத்த கணம், தகரத்தை ஆணியால் கீறும் சத்தம் ஒன்று எழுந்து, ஒரு குலுக்கலோடு எல்லாம் நின்றது. அவர் வாயுவை மூடினார். மாடியிலிருந்து கேள்வி வந்தது.

"ஆயித்தா? நல்லபடியா முடிஞ்சுதா ரீ?"

"எத்தன மைனி?" என்றார் நண்பர்.

"நாப்பத்தொண்ணு."

அன்று பிற்பகலே முன்னறைச் சுவரில் சார்ட் தாள் ஒட்டி, தொழிற்சாலை முறைப்படி காரணம் தேட உட்கார்ந்தார்கள். ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஏன் என்று கேட்டு, பதிலெழுதி, அந்தப் பதிலைப் பார்த்து மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் மூலக் காரணம் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. குழந்தைகள் இதைச் செலவில்லாமல் செய்கிறார்கள். தொழிற்பேட்டையில் இதற்கு மூன்று நாள் பயிற்சியும் மதியச் சாப்பாடும் கொடுப்பார்கள்.

ஏன் நின்றது? சக்கரம் ஓட்டில் உரசியது. ஏன் உரசியது? தண்டு ஆடியது. ஏன் ஆடியது? பேரிங் தேய்ந்தது. ஏன் தேய்ந்தது? எண்ணெய் போதவில்லை. கழற்றிவைத்த சக்கரத்தை நண்பர் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஓர் இறக்கையின் அடியில் மட்டும் மங்கலாக ஒரு மஞ்சள் கறை.

"பாத்தியளா அண்ணாச்சி, எண்ணெய் கருகின தடம்."

காபித் தட்டுடன் வந்த நான் அந்தக் கறையைப் பார்த்தேன். இருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கருகிய எண்ணெய்க்குச் சந்தன வாசனை வராது. அவர்கள் இருவருக்கும் அன்று ஜலதோஷம் இருந்ததா, அல்லது கல்வி மூக்கை அடைத்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஐந்தாவது ஏன். எண்ணெய் ஏன் போதவில்லை? என் கணவர் பேனாவை எடுத்து, அழகான கையெழுத்தில், "வடிவமைத்தவருக்குப் போதிய அறிவில்லை" என்று எழுதினார்.

"அண்ணாச்சி, அஞ்சாவதுல ஆளை எழுதக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொன்னாவல்லா?"

"இங்க வேற யாரு இருக்காங்க எழுதறதுக்கு?" என்றார் அவர்.

இருந்தேன். தட்டை ஏந்திக்கொண்டு, இரண்டடி தூரத்தில் இருந்தேன். காபியை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை: மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நிபந்தனை நிபந்தனைதானே, நாற்பத்தொன்று அறுபது ஆகாதே. சந்தனம்தான் காரணம் என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும், நான் என்ன பொறியாளரா? இப்படி எனக்குள் ஒரு நல்ல வழக்கறிஞர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவருடைய அளவு நாடாவை எடுத்துப் பின்னறைச் சுவரை அளந்தேன். ஐந்தடி அலமாரி தாராளமாக வரும். ஜன்னலருகே நாற்காலி. பள்ளியில் வகுப்பு நடத்தும்போதுகூட எந்த நூலை எந்தத் தட்டில் வைப்பது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பழைய இரும்புக் கடைக்காரர் வருவதாக இருந்தது. சனிக்கிழமை மாலை பின்னறைக்குப் போனபோது, என் கணவர் தரையில் உட்கார்ந்து இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நசுக்கப்படுவதற்காகப் போகும் ஒன்றை, பழைய வேட்டித் துணியால், ஒவ்வொரு துளையாக. அருகில் ஒரு சிவப்பு அட்டை தயாராக இருந்தது. நிராகரிக்கக் காரணம் என்ற இடத்தில் "வடிவமைப்பு" என்று எழுதியிருந்தார். அழுக்கோடும் அட்டையில்லாமலும் எதையும் வெளியே அனுப்பியதில்லை அவர்.

வழக்கறிஞர் மேற்கொண்டு வாதாடவில்லை.

"ஏங்க, அந்தச் சக்கரத்துல நான் சந்தனம் வச்சேன்."

அவர் நிமிரவில்லை. "எல்லாத்துக்குந்தான் வச்ச."

"வெளிய இல்லங்க. உள்ள. சக்கரத்து மேல."

துணி நின்றது. "நட்டுலயா?"

"நட்டைத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே. அதனால எறக்கையில வச்சேன்."

"எத்தன எறக்கையில?"

"ஒண்ணுல."

"ஒண்ணுலயா! எல்லாத்துலயும் வச்சிருந்தாக்கூடச் சமமாப் போயிருக்குமே."

"பன்னெண்டு எறக்கைக்கும் வைக்க எனக்கு நேரமில்ல. பொரிப் பொட்டலம் கட்டணும்."

"வெரலாலயா, குச்சியாலயா? எந்த வெரலு? காஞ்சிருந்துதா?"

"மோதிர வெரலு. ராத்திரி பூரா இருந்துச்சு, காயாம என்ன பண்ணும்?"

கோபத்துக்குத் தயாராக நின்றேன். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை. பரீட்சையில் தோற்றதாக அறிவிக்கப்பட்டவனுக்கு, விடைத்தாள் மாறிவிட்டது என்று தந்தி வந்தால் எப்படியோ, அப்படி. மணமான இத்தனை ஆண்டுகளில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி அவர் அத்தனை கேள்விகள் கேட்டதுமில்லை, ஒவ்வொன்றுக்கும் என் பதில் வரும்வரை காத்திருந்ததுமில்லை. அந்த இரவு என்னை உட்காரவைத்து, அதே சந்தனத்தைக் குழைத்து, அதே விரலால், அலுமினியத் தாள் துண்டுகளில் பத்துப் பொட்டுகள் வைக்கச் சொன்னார். பத்து மாதிரி எடுத்தால்தான் சராசரி சரியாக வருமாம். மறுநாள் வந்த இரும்புக் கடைக்காரரைத் திருப்பியனுப்பினார். திங்களன்று, காய்ந்த பொட்டுகளைச் சாப்பாட்டுப் பெட்டியில் அடுக்கித் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், மில்லிகிராம் தராசில் நிறுத்தார். வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வெற்றிச் செய்தி சொல்பவர்போலச் சொன்னார்.

"கால் கிராம். அந்த வேகத்துல அது பதிமூணு கிலோ. ஏறக்குறைய ஒரு சிலிண்டர் கேஸ் பூராவும் ஒரே பக்கமா நின்னு இழுத்த மாதிரி."

"மைனி," என்றார் பின்னாலேயே வந்த நண்பர், "நீங்க வச்சது பொட்டு இல்ல மைனி, குண்டு."

நான்காவது கட்டத்தில் எண்ணெய் போய், "சக்கரம் ஒரு பக்கம் கனத்தது" என்று வந்தது. ஐந்தாவது கட்டம் அடிக்கப்பட்டு "சந்தனம்" என்று திருத்தப்பட்டது. நிரந்தரத் தீர்வு என்ன எழுதுவது என்று பேச்சு வந்தது. மைனிக்கு மூன்று நாள் பயிற்சி என்றார் நண்பர்.

"பச்சை ஸ்டிக்கரை நம்பி உள்ள பாக்காம விட்டவருக்கு எத்தன நாள் பயிற்சி?" என்று கேட்டேன்.

இருவரும் சார்ட் தாளை உற்றுப் பார்த்தார்கள். பிறகு என் கணவர் ஐந்தாவதற்குக் கீழே ஆறாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அதில் எதுவும் எழுதவில்லை. அந்த முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கே தோன்றாத மேம்பாடு அது.

முந்தைய சோதனை செல்லாது என்று நானே அறிவித்தேன். மறுசோதனைக்கு அதே அறுபது விநாடி, அதே இரும்புக் கடை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சலுகை காட்டினால் அளவு கெட்டுவிடும் என்றார். கிருஷ்ணகிரியில் ஒரு லாரிப் பட்டறையிலிருந்து வேறு டர்போ வந்தது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மறுபடி அதே தரை, அதே வாளிகள், மாடியில் அதே பஞ்சு. இம்முறை அவர் மூன்று தடவை டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்.

பற்றியது, ஏறியது, புளோயர் விலகியது. பொத்தானை அழுத்தினேன்.

முப்பதுவரை ஓசை நேராக இருந்தது. நாற்பத்தொன்றைக் கடந்தபோது நண்பர் கண்களை மூடிக்கொண்டார். ஐம்பதில் ஓசைக்குள் ஏதோ ஒரு நடுக்கம் புகுந்ததுபோல எனக்குக் கேட்டது. உண்மையில் இருந்ததா, பயத்தின் ஓசையா, இன்றும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வால்வில் ஒரு கையை வைத்தபடி, என் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உயர்ந்தால் அறுபது. பதினான்கு ஆண்டுகளாக எல்லாவற்றையும் தானே அளந்துபார்த்து நம்பிய மனிதர், தான் செய்த ஒரே பொருளின் அளவை, எட்டுத் தப்படி தூரத்தில் நின்ற என் கையிடம் விட்டுவிட்டு நின்றார்.

ஐம்பத்தாறில் கையைத் தூக்கிவிட்டேன்.

அவர் உடனே வாயுவை மூடினார். நெருப்பு அணைந்தபிறகும் சக்கரம் நெடுநேரம் முனகிக்கொண்டே சுழன்று, மெல்ல மெல்ல அடங்கியது. நண்பர் அவரைத் தூக்கிச் சுற்றினார். மேலிருந்து, "இப்பவாவது ஆயித்தா? நான் மொளகாய் காயப் போடணும் ரீ," என்று குரல் வந்தது. என் கணவர் ஈரச்சாக்கின்மேல் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, தானாக ஓடிய நேரம் என்ற இடத்தில் அறுபது விநாடி என்று எழுதி, இரண்டு கட்டங்களிலும் கையெழுத்துப் போட்டார். ஸ்டாப்வாட்சைக் கேட்கவில்லை. கேட்டாலும் பயனிருந்திராது, அதற்குள் நான் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.

நோட்டை என்னிடம் நீட்டினார். சாட்சிக்குரிய கட்டத்தில் என் முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தேன்.